தண்ணீர் முதலில் போயிற்று

தண்ணீர் முதலில் போயிற்று.
ஆறு புட்டி, ஒவ்வொன்றும் இரண்டு லிட்டர்,
கழுத்தில் சிவப்பு நாடா.
"மேலே ஊற்று கிடையாது, ஓடை கிடையாது.
மழை வந்தால் மட்டும் வேண்டாத அளவுக்கு" என்றான் டோர்மோட்.
போன செவ்வாய் அவன் பின்னால் பாதி முகடுவரை ஏறி
ஒரு கல்லடியில் ஒளித்து வைத்தோம்.
கல்லுக்கு அடையாளம் கேட்டான்.
கல் மாதிரி இருக்கிறது என்றேன்.
சிரிக்கவில்லை.
மூடுபனியில் வருகிறவள்போல் கண்ணை இடுக்கி
குனிந்து பார்க்கச் சொன்னான்.
கொட்டாவி விடும் ஆடு, என்றேன்.
சரி, என்றான்.

இருபத்தாறு வருடமாக இந்தத் தீவில் தபால் கொடுக்கிறேன்.
கார்போஸ்ட், எய்நோர்ட், பிறகு
தார்ச்சாலை கடலிடம் தோற்றுப்போகிற கிளென் பிரிட்டில்.
எந்த நாய் குரைப்பதோடு நிறுத்தும்,
வங்கி உறை என்றால் எந்தக் கதவு திறக்காது,
எனக்குத் தெரியும்.
குவில்லின் முகடு மட்டும்
வண்டிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பல்வரிசை.
அந்த முகவரிக்கு ஒன்றும் வந்ததில்லை.
நானும் போனதில்லை.

பயிற்சி, படகுத்துறைச் சுவரில்.
ஒன்றரை அடி அகலம். கனத்த பூட்ஸ்.
காலைப் பார்க்காமல் நடக்க வேண்டும்.
விழுவேன் என்று ஐந்து பவுண்டு பந்தயம் கட்டினான்
நண்டுக்கூடை யூவன்.
இன்னும் தரவில்லை.

இரவில் எட்டு முடிச்சு. கையுறையோடு, விளக்கில்லாமல்.
குளிர்பெட்டியின் கைப்பிடியில், கட்டில் காலில்,
கடைசியில் தூங்குகிற லாக்லனின் கணுக்காலில்.
விடியலில் தேநீர் போட எழுந்தவன் விழுந்தான்.
எங்கள் பயணத்தின் முதல் விபத்து
சமையலறைக்குப் போகும் வழியில் நடந்தது.
முடிச்சு அவிழவில்லை.

"சொரசொரத்த பாறையை நம்பு,
விரல்தோலைக் கூலியாக எடுத்துக்கொண்டு நிறுத்திவைக்கும்.
வழவழப்பானது வெயிலில் நல்லது,
ஈரம் பட்டால் பேச்சு மாறும்.
திசைகாட்டியைச் சில இடங்களில் கேட்கவே கேட்காதே,
பாறைக்குள் காந்தம்."
வடக்கு எங்கே என்று ஊசியே புளுகும் இடத்துக்குக்
காசு கட்டிப் போகிறேன்.

மூட்டையை என் தபால் தராசில் வைத்தோம்.
இரண்டாவது கால்சட்டை வெளியே.
சோப்பு வெளியே. பல்துலக்கியின் காம்பு பாதி வெளியே,
ரம்பத்தால் அறுத்தான்.
கிராம் கணக்கு எனக்குப் புதிதா?
நூறைத் தாண்டினால் இன்னொரு ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லி
எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.
தலைக்கவசம், இடுப்புவார், தூங்குபை,
ஓட்ஸ் ரொட்டி, கட்டிப் பாலாடை.
எட்டு கிலோ நானூறு.
போகலாம், என்றது தராசு.

அப்புறம்தான் அவன் கேட்டான்,
கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்:
"மூன்றாம் நாள். கடைசி உச்சி கண்ணெதிரே.
காற்று மாறுகிறது. நான் திரும்பு என்கிறேன்.
திரும்புவாயா, இஷ்பெல்?"

நான் தபால்காரி.
கொண்டுபோனதைக் கொடுக்காமல் வருவது
எங்களுக்கு அவமானம் இல்லை,
அதற்கென்று ஒரு முத்திரையே இருக்கிறது, என்றேன்.
அழகான பதில்.
வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது.

"அந்த ஜனவரியில்," என்றான்,
"வண்டி பனியில் புதைந்தபின் மூன்று மைல் நடந்துபோய்
ஒரு விதைக் கடையின் விலைப்பட்டியலைக் கொடுத்தது யார்?"

தீவில் எல்லோருக்கும் தெரிந்த கதை.
அதைச் சொல்லித்தான் எனக்கு மது வாங்கித் தருவார்கள்.
இதுவரை யாரும்
அதை ஒரு குற்றம்போலச் சொன்னதில்லை.

வாய் திறக்கவில்லை நான்.
அவன் கயிற்றை முடித்தான். காத்திருந்தான்.
வெளியே காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.
திரும்புவேன், என்றேன் கடைசியில்,
இந்த முறை மெதுவாக,
புது முகவரி ஒன்றை முதல்தடவை படிப்பதுபோல.

நாலு மணிக்கு வண்டி வரும்.
வராவிட்டால் தூங்கச் சொல்லியிருக்கிறான்.
மேலே, கொட்டாவி விடும் ஆட்டின் கீழே,
பன்னிரண்டு லிட்டர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறது.
நாங்கள் போகாவிட்டால்
அதற்கு ஒன்றும் ஆகாது.