கந்தகத் திரி

தடைக்காலம் முடிய இன்னும் இரண்டு நாள்.
கடலூர் துறைமுகத்தில்
எங்கள் ஐஸ் கம்பெனியின் கம்ப்ரசர்
இருமி இருமி எழுந்தது.

மரக்காணத்து உப்பு
இன்னும் பதினெட்டு மூட்டை தொட்டியில் கரைத்தாயிற்று.
பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி.
ஆனாலும் அந்தத் தண்ணீர் உறையாது,
கெட்டிக்காரத் தண்ணீர்.
உப்பறியாத நல்ல தண்ணீர்தான்
தகரப் பெட்டிக்குள் நின்றபடி
அதற்கு நடுவிலேயே கல்லாகும்.
ஏன் என்று பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கேட்டார்கள்.
அந்த இடத்தை வெறுமனே விட்டு வந்தேன்.
இப்போது அதில்தான் சம்பளம்.

ஒன்றரை மணிக்கு
மூக்கில் ஏறியது அம்மோனியா.
எங்கோ ஓர் இணைப்பு கசிகிறது.
அறை முழுக்க நெடி இருந்தால்
நெடியை நம்பி எங்கே போவது?
கொஞ்ச நேரத்தில் மூக்கும்
ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லத் தொடங்கிவிடும்.

கந்தகத் திரி ஒரு கையில், டார்ச் ஒரு கையில்.
ஸ்பேனர் பெலவேந்திரனிடம்.

பெலவேந்திரனும் நானும் பேசி
ஐம்பத்தொன்பது நாள்.
நாலாயிரம் ரூபாய்.
கொடுத்துவிட்டேன் என்கிறேன்.
வரவில்லை என்கிறான்.

வால்வு வால்வாக நடந்தோம்.
குழாய் முதுகில் உறைபனி அரும்பியிருந்தது.
திரி நுனியில் நீலச் சுடர்,
இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும்.
எரியும் கந்தகத்தின் ஆவிக்கு நிறமில்லை.
அம்மோனியாவுக்கும் இல்லை.
தனியாக விட்டால்
இரண்டும் தொண்டையைப் பிடிக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது வளைவுக்கு அடியில்
திரியை நீட்டினேன்.
ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து
நூல் நூலாக
வெள்ளைப் புகை.

"அங்க" என்றான்.

ஸ்பேனர் விழுந்தது நட்டின் மேல்.
நூல் மெலிந்தது, ஆனால் அறவில்லை.
"இன்னும் அரைச் சுத்து."
அது நான் சொன்னது.

ஐஸை வெயிலில் வைத்தால் தண்ணீர்.
தொட்டியை வற்றவிட்டால் மூட்டை மூட்டையாக அதே உப்பு.
அந்தப் புகையை மட்டும்
இது உன்னுடையது, இது என்னுடையது என்று பிரித்து
ஆளுக்கு ஆள் திருப்பித் தர
எங்கள் கம்பெனியில் கருவி இல்லை.

மறுநாள் சாயங்காலம்
முதல் பாளம் வழுக்கி வெளியே வந்தது.
ஓரமெல்லாம் கண்ணாடி,
நடுவில் ஒரு வெள்ளை நரம்பு.
உறையும்போது தண்ணீர்
தனக்கு ஒவ்வாததையெல்லாம் அங்கேதான் தள்ளிவைக்கும்.
படகுக்காரர்கள் அதைப் பார்ப்பதில்லை,
எடை கேட்பார்கள்.

டீக்காசு பெலவேந்திரன் கொடுத்தான்.
கணக்கில் சேர்த்துக்கொண்டானா
தெரியவில்லை.