பத்துக்கு எத்தனை

கியூர்பிப் பஸ் நிலையத்துக்கு எதிரே
துணிக்கடைக்கு மேலே, பதினேழு படி.
முழங்காலுக்குக் கீழே இடக்கால் இல்லாதவன்
வலி தீர ஏறவேண்டிய படி.
மழை. இந்த ஊரில் வேறென்ன.

மதாம் லியோங் கேட்டாள்:
பத்துக்கு எத்தனை?
இருபத்தாறு வருஷம் ஆலை வாசலில்
கரும்பு வண்டி எடைபோட்டவன் நான்.
மண் எவ்வளவு, சோகை எவ்வளவு,
மிச்சம் கரும்பு எவ்வளவு என்று
கண்ணாலேயே கழித்துச் சொல்வேன்.
இதற்கு எந்தத் தராசு, எந்த எடைக்கல்?
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: எட்டு.
எழுதிக்கொண்டாள்.

எங்கே வலி?
சுண்டுவிரலில்.
எந்தக் கால்?
இடக்கால்.
அவள் சிரிக்கவில்லை.
அதற்காகவே அடுத்த வியாழனும் வந்தேன்.

எரித்துவிட்டோமே என்றார்கள் ஆஸ்பத்திரியில்.
எரிந்த விரல் எப்படி நகம் வளர்த்துப்
பக்கத்து விரலைக் குத்துகிறது என்று கேட்டால்
மாத்திரை எழுதினார்கள்.
மருதாயி மட்டும் நடுராத்திரியில் எழுந்து
போர்வைக்கு அடியில்
வெறும் மெத்தையைத் தடவிக்கொடுப்பாள்.
இங்கேயா? இன்னும் கீழேயா?
கீழே, என்பேன்.
அவள் கை கீழே போகும்.

சுவரில் ஒரு காதின் படம், கதவளவு.
அதற்குள் ஒரு பிள்ளை
தலைகீழாகச் சுருண்டு கிடக்கிறது.
தோடு போடும் இடத்தில் தலை,
வளைவோடு வளைவாக முதுகெலும்பு,
உச்சியில், மடிப்பின் நிழலில், பாதம்.
உன் கால் இதோ இருக்கிறது, என்றாள் கிரியோலில்,
பருப்பு இருக்கும் தட்டைக் காட்டும்
கடைக்காரியைப் போல.
இதை யாரும் வெட்டவில்லையே.

காதில் பூச்சுற்றுகிறாள் என்று நினைத்தேன்.
சுற்றட்டும்.
எட்டு மாத்திரை தின்றும் தூங்காதவனுக்குப்
பூவும் ஒன்றுதான்.

தையல் ஊசிக்குக் காது உண்டு.
இந்த ஊசிக்கு இல்லை,
என் காதைக் கொடுத்தேன்.
மழுங்கிய கோலால் மடிப்பு மடிப்பாக
அழுத்தித் தேடிக்கொண்டே வந்தாள்.
ஓரிடத்தில் ஐயோ என்றேன்.
வெகுநேரம் தேடிய வீட்டு எண் கிடைத்த
தபால்காரரைப் போலத் தலையசைத்தாள்.
ஐந்து ஊசி, எள்ளில் பாதி.
மேலே தோல் நிறத்தில் பட்டை.
தானாக விழும், தேடாதே.

இறங்கும்போது பதினேழு படியிலும் காது எரிந்தது.
கால் எரிந்ததா என்று
கவனிக்க மறந்துபோனேன்.

மூன்றாவது வியாழன் இரவு
விடிய விடியத் தூக்கம்.
மருதாயியும் தூங்கினாள்,
தன் கையைத் தானே வைத்துக்கொண்டு.
ஐந்தரைக்கு முதல் பஸ் சத்தம்.
எழுந்து
இடக்காலை ஊன்றினேன்.

தரை வந்து முகத்தில் அடித்தது.
பதினான்கு மாதமாக அந்த வலிதான்
கால் இல்லை, கால் இல்லை என்று
என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.
அன்றைக்குச் சொல்ல யாருமில்லை.

விழுந்த இடத்திலிருந்து பார்த்தால்
கட்டிலுக்கு அடியில் என் செருப்பு, இரண்டும்.
வலது தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
இடது, துடைத்து வைத்தது போல.
துடைத்துத்தான் வைத்திருக்கிறாள்.

மருதாயி ஓடிவந்து திட்டினாள்,
என்னை, பிறகு மதாமை, பிறகு சர்க்கரையை.
சர்க்கரையைத் திட்டினால்
இருபத்தாறு வருஷச் சம்பளத்தையும்
சேர்த்துத் திட்டவேண்டும் என்றேன்,
உதட்டு ரத்தத்தோடு.
சேர்த்தே திட்டினாள்.

வியாழன்.
பத்துக்கு எத்தனை?
பூஜ்யம்.
எழுதிக்கொண்டாள்.
உதட்டுத் தையலைப் பார்த்தாள், கேட்கவில்லை.
ஐந்து ஊசி எடுத்து வரிசையாக வைத்தாள்.
நான்கு போதும், என்றேன்.
சுண்டுவிரலை விட்டுவிடுங்கள்.

ஏன் என்று கேட்பாள்,
படிக்கு ஒரு சொல்லாக
பதில் கோத்துக்கொண்டு வந்திருந்தேன்.
ஐந்தாவது ஊசியை
டப்பிக்குள் திரும்பப் போட்டாள்.

காசு குறையாது, என்றாள்.