இடது காது ஜன்னலுக்கு

எனக்கு இடப்புற ஜன்னல்தான் வேண்டும்.
கேட்காத காது கண்ணாடிக்கு,
கேட்கும் காது மனிதர்களுக்கு.
வாட்சோ விமான நிலையத்தில் மிச்சமிருந்தது
வலப்புற ஜன்னல் ஒன்றுதான்.
அந்தப் பக்கம்தான் காட்சி அழகு
என்றாள் கவுண்டர் பெண்.
பிப்ரவரி, காலை ஆறரை.
எந்தப் பக்கமும் இருட்டு.

பதினோரு மில்லிமீட்டர்.
சமநிலை நரம்பின் மேல், எலும்புப் பொந்துக்குள்,
புற்று அல்ல, ஒரு பட்டாணி.
தீங்கற்றது என்று எழுதியிருக்கிறார்கள்.
மின்கம்பம் ஏறிக்கொண்டிருந்தவளை
மேசைக்கு இறக்கிவிட்டது,
தீங்கில்லாமல்.

பறக்கலாமா என்று போனில் கேட்டேன்.
தாராளமாக, என்றார் டாக்டர் ஹேகெலுண்ட்.
காற்றழுத்தம் நடுச்செவியோடு நின்றுவிடும்,
நீங்கள் பறப்பதே கட்டிக்குத் தெரியாது.
எனக்குத் தெரியுமே
என்று நான் சொல்லவில்லை.

பக்கத்து இருக்கையில் நீலக் கம்பளித் தொப்பி,
மடியில் கயிறு கட்டிய தெர்மகோல் பெட்டி.
உட்கார்ந்ததும் பேசத் தொடங்கினார்
என் இடது காதுக்குள்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பவர்கள்
செவிட்டுக் காதுக்குள் போய்ப் பார்த்ததில்லை.
உள்ளே சங்கு ஓய்வதே இல்லை.
இரவு இரண்டு மணிக்கு
ஃபிரிட்ஜும் உறங்கிய பிறகு
ஒரே சுருதி.
அந்தச் சங்குக்குள் பேசினார் அவர்.

புரொப்பெல்லர்கள் சுழன்றன.
சங்கு நின்றது.
நின்றதோ மூழ்கியதோ, யாருக்கு வேண்டும்.
நான்கு வருடத்தில் முதல் அமைதி
இவ்வளவு இரைச்சலாக இருக்குமென்று
நினைக்கவில்லை.

போட்ஸ்ஃபியோர்டு தாண்டியதும்
காற்று விமானத்தைக் கொத்தாகப் பிடித்து உலுக்கியது.
கழிப்பறைக்குப் போன ஒருத்தி
இருக்கை முதுகுகளைத் தொட்டுத் தொட்டுத் திரும்பினாள்,
என் சமையலறையில் நான் நடப்பதுபோல.
குடித்திருக்கிறாளோ என்று
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
கால் மணி நேரம்
எல்லோரும் என் நாட்டுக் குடிமக்கள்.

இது பஸ் மாதிரி விமானம்.
பெர்லேவோக், மேஹாம்ன், ஹாமர்ஃபெஸ்ட்,
ஊருக்கு ஊர் இறங்கும், மூச்சு வாங்கும், ஏறும்.
இறங்குகிற ஒவ்வொரு முறையும் அடைத்தது
வலது காது, நல்ல காது.
ஒரே ஜன்னல் உள்ள வீட்டில்
அதையும் யாரோ சாத்துகிறார்கள்.
மிட்டாய் மென்றேன். எச்சில் விழுங்கினேன்.
படகில் போட்ட மீனாக வாய் திறந்து மூடினேன்.
திறக்காவிட்டால்?
டாக்டரிடம் கேட்க மறந்த கேள்வி
கடல் மட்டத்துக்கு வரும்வரை
என்னோடு இறங்கியது.

அவர் பேசிக்கொண்டேயிருந்தார்.
தொப்பி ஆடியது, கை ஆடியது,
ஒருமுறை கண் கலங்கியதுபோல் இருந்தது.
எங்கள் வடக்கில் ஆமாம் என்பதை
மூச்சை உள்ளே இழுத்துச் சொல்வோம்,
சத்தமே வேண்டாம்.
எனக்கென்றே செய்த சொல்.
நான்கு முறை இழுத்தேன்.

ட்ரோம்ஸோ.
சக்கரம் தொட்டது, பட்டென்று காது திறந்தது,
உலகம் வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடங்கியது:
"...பிரசவப் பிரிவு, அனெத்தே என்று கேளுங்கள்.
மீன்முட்டை, ஈரல், இன்று காலை பிடித்தது.
எனக்கு ஓஸ்லோ விமானம் இருபது நிமிடத்தில்.
நீங்கள் சம்மதித்தது பெரிய விஷயம்."
பெட்டி என் மடிக்கு மாறியிருந்தது.
தொப்பி கதவருகே.
படிகளில் கைப்பிடியையும் பெட்டியையும்
ஒரே கையால் பிடிக்க முடியாமல்
பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன்.
பனியில் கால் வைத்ததும்
சங்கு தன் இடத்துக்கு வந்து அமர்ந்தது.

உடம்பில் உலோகம் ஏதும் உண்டா
என்று கேட்டாள் ஸ்கேன் அறைத் தாதி.
இல்லை, மீன்முட்டை உண்டு, என்றேன்.
சிரிக்காமல் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தாள்.

குழாய்க்குள் அசையாமல் கிடக்கிறேன்.
தட்டுகிறது, அறைகிறது, மறுபடி சங்கு இல்லை.
பன்னிரண்டாகியிருக்குமா பதினொன்றிலேயே நிற்கிறதா
என்று நினைக்கத்தான் வந்தேன்.
நினைப்பதோ வேறு.
நான்கு ஆமாம் சொன்னேன்.
பெட்டி ஒன்றுதான்.
மற்ற மூன்றும்
எதற்குச் சொன்னேனோ.