வெங்காயப் பலகை

இழுவைப்படகில் இருபத்திரண்டு பேருக்குச்
சமைக்கிறவன் நான்.
உருகும் வெண்ணெயில் வெங்காயம் விழும் சத்தத்தோடு
என் நாள் தொடங்கும்.
பிறகு பூண்டு. பிறகு உருளைக்கிழங்கு,
மூட்டை மூட்டையாய்.
அலை எந்தப் பக்கம் சாய்த்தாலும்
தட்டுகள் காலியாகத்தான் திரும்பும்.

பிப்ரவரியில் கரைக்கு, ஹுசாவிக்குக்கு, வந்தேன்.
தாயோடு நார்வேக்குக் கிளம்பிய ஸ்வாலா
எட்டு நாளைக்கு இரண்டு கினிப்பன்றிகளை
என் பொறுப்பில் விட்டாள்.
குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள்:
இடது பக்கம் பச்சை மை,
வலது பக்கம் சிவப்பு.

சிவப்பைத்தான் முதலில் படித்தேன்.
வெங்காயம். பூண்டு.
உருளைக்கிழங்கு, தோலும் முளையும் சேர்த்து.
பால், பாலாடைக்கட்டி, ரொட்டி.
சாக்லேட், நீ சிந்துவது உட்பட.
ருபார்ப், தண்டும் இலையும்.
அதற்கு மட்டும் இரண்டு அடிக்கோடு.

எங்கள் பின்கட்டில் ஒவ்வொரு கோடையும்
யாரும் கேட்காமலே குடை விரிக்கும் ருபார்ப்.
அதன் ஜாம் வைக்காமல்
ஆட்டுக்கறி பரிமாறியவனில்லை நான்.
என் சமையல் முழுவதையும்
ஒன்பது வயதுக் கையெழுத்து
தடை செய்திருந்தது.

பச்சையில்:
உலர்புல், எப்போதும், கணக்குப் பார்க்காமல்.
பல் நிற்காமல் வளரும் அப்பா, தேய வேண்டும்.
சிவப்புக் குடைமிளகாய், தினமும் ஒரு துண்டு.
கொத்தமல்லி. கொஞ்சம் வெள்ளரி.
கேரட் எப்போதாவது, அது இனிப்பு.
ஆப்பிள் விரல்நுனி அளவு, விதை கூடாது.
இவர்கள் உடம்பு சி வைட்டமின் தயாரிக்காது.
இல்லாவிட்டால் ஈறு வீங்கும்,
மூட்டு நோகும், நடக்க மாட்டார்கள்.

அந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன்.
இது எங்கள் நோய் அல்லவா.
பாய்மரக் காலத்தில் கடலோடிகளின் வாயைப்
பல் பல்லாய் உதிர்த்த நோய்.
கரை தட்டியதும் பாறை இடுக்கில் முளைத்த
கசப்புக் கீரையை மண்ணோடு பிடுங்கித் தின்றார்களாம்.
பூனைக்கு வராது. ஆட்டுக்கு வராது.
மாலுமிக்கு வரும்;
இந்த மோஸிக்கும் ஸ்கோட்டாவுக்கும் வரும்.
"அப்படியானால் நாம் சொந்தம்" என்றேன் கூண்டிடம்.
இரண்டும் புல்லுக்குள் ஒளிந்துகொண்டன.

வெந்நீர் ஊற்றின் சூட்டில்
இரவெல்லாம் விளக்கெரியும் கண்ணாடி வீட்டில்
பழுத்த குடைமிளகாய்.
விலைச்சீட்டைப் பார்த்தேன்,
பார்க்காதவன்போல் வாங்கினேன்.
குளிர்பெட்டிக் கதவு அசைந்தாலே போதும்,
கூண்டிலிருந்து விசில் பறக்கும்,
துறைமுகக் காவலன் தோற்றான்.

மூன்றாம் நாள் இரண்டும் தொடவில்லை.
மோந்தன. பின்வாங்கின.
தாளின் அடியில் கடைசி வரி:
சாப்பிடாவிட்டால் சும்மா இருந்துவிடாதே,
அரை நாள் இவர்களுக்கு மிக நீளம்.
பத்தாம் எண் புயலில்
கொதிக்கும் சூப்பைச் சிந்தாத கை
இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தியது.

"என்ன கொடுத்தாய்?"
"நீ எழுதியதைத்தான்."
"எந்தப் பலகையில் வெட்டினாய்?"

பீச் மரப் பலகை, இருபது வருடம்
என்னோடு கடலுக்கும் கரைக்கும் வந்தது.
எடுத்து முகர்ந்தேன்.
ஒரு வாசனையும் இல்லை.
எனக்கு இல்லை.

சோப்புப் போட்டு இரண்டு முறை,
எலுமிச்சை தேய்த்து ஒரு முறை கை கழுவினேன்.
இன்னொரு மிளகாய்; பீங்கான் தட்டில் வெட்டினேன்.
விளக்கை அணைத்துத் தரையில் உட்கார்ந்தேன்.
சன்னலுக்கு வெளியே பனி
சரிந்து சரிந்து விழுந்தது.
பதினொன்றரைக்கு
இருட்டில் முதல் கறுக்.

மார்ச். மறுபடி கடல்.
சமையலறையில் இப்போது இரண்டு பலகை.
இரண்டாவதில் சிவப்புக் குடைமிளகாய்,
பச்சையாக, ஆளுக்கு ஒரு துண்டு.
"என்ன இது, முயல் தீனியா?"
என்கிறான் எந்திர அறை இந்த்ரிதி.
"முயல் இல்லை" என்கிறேன்.
முணுமுணுத்தபடி தின்கிறான்.

விடியுமுன் குளிர்பெட்டியைத் திறக்கையில்
கதவைப் பிடித்தபடி
ஒரு நொடி நிற்கிறேன்.
யாரும் விசிலடிப்பதில்லை.