உள்ளுக்கா, வெளியிலயா

ஞாயிறு, ஆறே முக்கால்.
தியவன்னா ஓரம் இறங்கினோம்.
ஓட்டோக்காரர் மீதிக் காசைத் தேடி முடிக்குமுன்
கஜன் ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டான்.

தண்ணீர் இன்னும் முகம் கழுவவில்லை.
கம்பத்து உச்சியில் நீர்க்காகம்
ஈரச் செட்டையை விரித்துப் பிடித்திருந்தது,
காயப்போட்ட சட்டையே
கொடியும் தான்தான் என்று நிற்பதுபோல.

மிதுஷாவின் கையில் கொப்பி.
பள்ளிக்கூடத்தில் கேட்டது பத்து உயிர்கள்.
"எறும்பு கணக்கா அம்மா?"
பதிலுக்கு நிற்காமல் எறும்பை எழுதினாள்,
எதற்கும் இருக்கட்டும் என்று.
பிறகு வெண்கொக்கு. பிறகு கூழைக்கடா.
பிறகு நாணலுக்குள் நீலத் தாழைக்கோழி:
"இது ஆற்றையோ பெரிய செருப்பைப்
போட்டுக்கொண்டு வந்திட்டுது."
முதலை கவனம் என்றது ஒரு பலகை.
"பலகை இருக்குத்தானே, எழுது" என்றார் குகன்.
"கண்டதைத்தான் எழுதலாம்" என்றாள் மகள்.
ஏழு வயதில் இவ்வளவு நேர்மை
எங்கள் இரண்டு பக்கத்திலும் கிடையாது.

கை வீசி நடப்பவர்கள் எங்களை முந்திப் போனார்கள்.
அவித்த சோளத்தின் ஆவி
தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்தது.

எனக்கு இருபத்திரண்டு வயதில்
இந்த ஏரி ஒரு பஸ் யன்னல்.
இறங்கு, வரிசையில் நில், அடையாள அட்டையைக் காட்டு,
எந்த ஊர், ஏன் வந்தாய், ஏறு.
கரையில் ஒருவரும் நடக்கவில்லை.
தண்ணீரும் சீருடை போட்டிருப்பதாகத்தான் நினைத்தேன்.
இன்றைக்குப் பையில் மாரி பிஸ்கட், நனைந்த துவாய்.
அடியில் அட்டையும் இருக்கிறது,
எறும்பைப் போல, எதற்கும் இருக்கட்டும் என்று.

பெத்தகானவின் பலகைப் பாதை முடிந்து
கோட்டே ஒழுங்கைக்குள் திரும்பினால்
வெயில் ஏறிவிட்டது.
பழைய அரணில் மிச்சம் இவ்வளவுதான்:
பாசி பிடித்த கபுக் கல், இடுப்பளவு உயரம்,
கொஞ்சத் தூரம் போய்
யாரோ ஒருவரின் வீட்டு மதிலாகிவிடுகிறது.
அதன்மேல் இரண்டு தலையணை உறை காய்கிறது.

அறிவிப்பு மூன்று மொழியில்.
தமிழில் கோட்டை, கேட்டை ஆகியிருந்தது.
"கேட்டை என்டால் நட்சத்திரமெல்லோ?"
குகன் சிங்களத்தில் வாசித்துச் சொன்னார்:
யாழ்ப்பாணத்து அரசனின் வரி வாங்கும் ஆட்களைத்
தடுக்கக் கட்டினதாம், அறுநூறு வருசத்துக்கு முதல்.

"அப்பப்பாவின்ர யாழ்ப்பாணமா?"
"ஓம்."
"எங்களைத் தடுக்கவா?"
அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.
அவள் கல்லைப் பார்த்தாள், ஒழுங்கையைப் பார்த்தாள்.
"இப்ப நாங்கள் உள்ளுக்கா நிக்கிறம்,
வெளியிலயா?"

யாருக்குத் தெரியும்.
ஒரு கபரக்கொய்யா
அகழிப் பக்கமிருந்து வந்து, நாக்கை நீட்டி,
கல் சரிந்த இடத்தால் ஏறி
மறுபக்கம் இறங்கிப் போனது, அவசரமில்லாமல்.
மிதுஷா எழுதினாள்: ஒன்பது.

அந்த நேரம் பார்த்துக் கஜனுக்கு மூத்திரம் முட்டியது.
அவன் அழுகை மூன்று மொழிக்கும் பொது.
தலையணை உறைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்
சீப்போடு வந்து படலையைத் திறந்தாள்.
"எந்தா பபா, எந்தா."
தூக்கிக்கொண்டு ஓடினேன்,
அரணைத் தாண்டி, நெல்லி மரத்தைத் தாண்டி,
பின்கட்டு வாளி வரைக்கும்.
வரும்போது கையில் ஐந்தாறு நெல்லிக்காய், உப்போடு.
பெயர் மல்காந்தி என்றாள். என் பெயரையும் கேட்டாள்.
ஊரைக் கேட்கவில்லை.

வெள்ளவத்தைக்குத் திரும்பும் ஓட்டோவில்தான் கண்டோம்,
கஜனுக்கு ஒரு சப்பாத்து இல்லை.
"வரி கட்டிட்டம்" என்றார் குகன்.
கொப்பியில் பத்தாவது இடம் வெறுமையாக இருந்தது.
நாளைக்குள் ஒரு காகமாவது வரும்
என்று சொல்லிவிட்டு, நெல்லிக்காய் வாயோடு
மகள் தூங்கிப்போனாள்.