நாற்காலி நகரவில்லை

இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு டாலர்
பதினாறு சென்ட்.
அந்தப் பதினாறு சென்ட்தான் உறுத்தியது.
சாதாரணப் பொய்யன் முழு எண்ணாகச் சொல்வான்.
இது உட்கார்ந்து கணக்குப் போட்ட பொய்.

போர்ட் ஹியூரனில் ஆற்றோர உப்புக் கிடங்குக்கு
இரவுக் காவல் நான். கஸிமிர் வோஜ்தாக்.
எதிர்க்கரை கனடா.
ஜனவரி இருட்டில் அங்கே ஒருவன்
சிகரெட் பற்றவைத்தால் இங்கே தெரியும்.

ஏலத்தில் நாற்பது டாலருக்கு எடுத்த அக்கார்டியன்,
மூன்று கட்டைகள் ஊமை.
ஜன்னல் விளிம்பில் ஃபோனைச் சாய்த்து வைத்துப்
பதினோரு இரவு பாடம் பார்த்தேன்.
விரல் வசப்படவில்லை.
எங்கள் கோபுரம் நாலு மைல் தள்ளி.
அவர்கள் கோபுரம் அதோ, கூப்பிடு தூரத்தில்.
என் ஃபோன்
எதிர்வீட்டுக்காரனோடு ஓடிப்போயிருக்கிறது,
நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க.

'வெளிநாட்டில் இருந்திருக்கிறீர்கள், சார்.'
நாற்காலியில் இருந்தேன்.
'கணினி அப்படித்தான் காட்டுகிறது.'
நாற்காலிக்கு நாலு கால், ஆனால் நடக்காது என்றேன்.
அதைக் குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள்.

மார்ச்சில் என் கடனை விற்றுவிட்டார்கள்.
கன்றுக்குட்டியை விற்கலாம், பழைய காரை விற்கலாம்,
நான் வாங்காத கடனை விற்கலாம் என்பது
ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்தது.
வாங்கியவர்கள் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுவார்கள்.
என் தூக்கம்தான் அவர்களுக்கு அலுவலக நேரம்.

திருமதி ரென்ஃப்ரோவுக்குத் தேன் குரல்.
மாதம் தொண்ணூறு கட்டினால் போதுமாம்.
பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.
உப்பு லாரி ஓட்டும் லூப்பேதான் கையைப் பிடித்தாள்:
'ஒரு டாலர் கட்டினாலும் உன் கடன்தான் என்றாகிவிடும்.
எழுத்தில் கேள். பதிவுத் தபாலில் கேள்.'
ஆஸ்பத்திரி பில்லோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டியவள்.

எழுதினேன்.
மணிக்கொரு தரம் கிடங்கைச் சுற்றி
ஏழு இடத்தில் சாவி திருக வேண்டும் எனக்கு.
திருகிய நேரம் காகிதத்தில் விழும்.
இரவுக்கு எட்டுச் சுற்று, பதினோரு இரவு,
அத்தனைக்கும் நகல் வைத்தேன்.
ஐயா, அம்மா,
கனடாவில் இருந்துகொண்டே மிச்சிகனில்
எண்பத்தெட்டுச் சுற்று வர ஒருவனால் முடியுமானால்
அவனுக்கு நீங்கள்தான் பணம் தர வேண்டும்.
இந்தக் கடன் என்னுடையதென்று நிரூபியுங்கள்.

கடிதம் வந்ததா என்று கேட்கக் கூப்பிட்டேன்.
காத்திருக்கச் சொல்லி ஒரு மெட்டைப் போட்டார்கள்.
நாற்பது நிமிஷம். மறுநாள் ஐம்பது.
ஏப்ரல் முழுக்க அதே மெட்டு,
நடுவில் ஒரு பெண் குரல்:
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.

ஜூனில் ஒற்றைத் தாள் வந்தது.
கணக்கு முடிக்கப்பட்டது.
மன்னிப்பு என்ற சொல் இல்லை. கையெழுத்தும் இல்லை.
என் கடன் மதிப்பெண்ணில் கடித்து எடுத்த எண்பது புள்ளி
இன்னும் திரும்பி வரவில்லை.
லூப்பேக்கு ஒரு பை ஆப்பிள் வாங்கிக் கொடுத்தேன்.
முதலில் அந்தத் தாளுக்கு நகல் எடு என்றாள்.

அக்டோபரில் ஒரு காலை, எட்டு மணி.
புதுக் குரல், புது நிறுவனம்.
வோஜ்தாக் அங்கே வோஜ்தாஸ் ஆகியிருந்தான்.
கடன் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டியிருந்தது.
பிள்ளை வளர்கிறது,
பேர்தான் யாருக்கும் சரியாக நினைவில்லை.

தாள் எந்த டிராயரில் என்று தேட வேண்டும்.
'ஒரு நிமிஷம்' என்று ஃபோனை மேஜையில் வைத்தேன்.
அக்கார்டியனை மடியில் தூக்கினேன்.
பதினோரு இரவுப் பாடத்தில் வராத விரல்
தானே ஓடியது,
ஊமைக் கட்டைகளைத் தாண்டித் தாண்டி,
ஏப்ரல் முழுக்கக் கேட்ட அந்த மெட்டில்.

நடுவில் நிறுத்தி, குனிந்து,
'உங்கள் அழைப்பு எனக்கு முக்கியம்' என்றேன்.

நாலு நிமிஷம் தாங்கினார்கள்.