பதினேழு

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.
கொரடாச்சேரிக்குத் தெற்கே
கொள்முதல் நிலையத்தில், என் மேசைமேல்
ஈரப்பதம் பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில்
ஐஸ் பெட்டியை இறக்கினார் நீலாவதி சிஸ்டர்.
"பள்ளிக்கூடத்து முகாமுக்கு ஒரு ஆள் வரலை சார்.
ஊரே இங்கதான் கிடக்கு."

கிடந்தது உண்மைதான்.
பதினோரு நாளாகக் குறுவை நெல்
தார்ப்பாய்க்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.
அதற்குக் காவலாக ஆட்கள்,
முகக்கவசத்தைத் தாடைக்குத் தூளியாகக் கட்டியவர்கள்.

நான்தான் வாயைத் திறந்தேன்.
அரசாங்கம் கொடுப்பது,
நம்பிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

வைரக்கண்ணு எழுந்து வந்து
கருவியைத் தொட்டுக் காட்டினார்.
"இதுவும் அரசாங்கம் குடுத்ததுதான்.
வெறுங்கையோட வந்தா பத்தொம்போதுங்குது.
அவனவன் கவனிச்சுட்டா பதினேழுங்குது.
ஒரே நெல்லு, ஒரே வெயிலு.
அந்தக் குப்பிக்குள்ள என்ன நம்பரு ஓடுதுன்னு
ஒனக்கு எப்புடிப்பா தெரியும்?"

சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
கவசத்துக்குள், யாருக்கும் தெரியாமல்.

தூற்றும் எந்திரம் ஓடுகையில்
சுமைதூக்குகிறவர்கள் துண்டால் மூக்கைக் கட்டுவார்கள்.
எந்த அரசாணையும் அதற்கு வந்ததில்லை.
எந்திரம் நின்றதும் அவிழ்த்து உதறுவார்கள்.
"சுனை அரிக்கும் சார், அதனால கட்டுறோம்.
கொரோனா அரிக்கலையே" என்றான் பன்னீர்.
நாற்பது கிலோவோடு அட்டி ஏறுகிறவனுக்கு
மூக்கு பற்றாது, வாயும் வேண்டும் மூச்சுக்கு.

டீக்கடை மதலைமேரி அங்கிருந்தே கத்தினாள்:
"ஒம் மூச்சு ஒன்னோட நின்னா நான் ஏன் கேக்கப்போறேன்?
எச்சி கிளாஸு கழுவுறது எங் கையி.
ரெண்டு ஊசி போட்டேன். ரெண்டு நா காய்ச்சல்.
கடையத் தொறந்தேனா இல்லையா?"
"தொறந்த, தொறந்த. டீயிலதான் சக்கரையக் காணோம்"
என்றார் யாரோ.
மறுபடி சிரிப்பு.

உத்திராபதி மட்டும் சிரிக்கவில்லை.
சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தான்,
கொக்கியால் தரையைக் கீறியபடி.
"ஆனி மாசம் என் தம்பி மூச்சு முட்டிச் செத்தான்.
திருவாரூர்ல. பிளாஸ்டிக்ல சுத்திக் குடுத்தாங்க,
மொகம் பாக்க விடலை.
சீட்டுல இருதயம்னு எழுதியிருக்கு.
இல்லாத வியாதிக்கு எதுக்கு சிஸ்டர் ஊசி?"

நீலாவதி கடிகாரத்தைப் பார்த்தார்.
குப்பியைத் திறந்தால் பத்துப் பேர் வேண்டும்,
நாலு மணி நேரத்துக்குள்.
இன்னும் ஒன்றையும் திறக்கவில்லை.

வைரக்கண்ணுதான் மறுபடி.
பேசியது சிஸ்டரிடம், பார்த்தது என்னை.
"என் அம்பாரத்துக்கு மூட்டைக்கு நாப்பது வாங்காம
எடை போடச் சொல்லும்மா.
கையென்ன, கழுத்தையே நீட்டுறேன்."

எல்லாத் தலையும் திரும்பியது.
அந்தக் கருவியை அப்போது
என் கவசத்தில் வைத்திருந்தால்
பதினேழைத் தாண்டியிருக்கும்.

சரி என்றேன்.

வைரக்கண்ணு, அவர் மருமகன்கள் இரண்டு பேர்,
களம் கூட்டும் அஞ்சலையும் அவள் நாத்தனாரும்,
"அரிச்சா ஒன்னய விடமாட்டேன் சார்" என்றபடி பன்னீர்,
லாரியில் வந்த மூன்று பேர்.
ஒன்பது.

பத்தாவது ஊசிக்காக
சிஸ்டர் மூன்றரை மணி வரை உட்கார்ந்திருந்தார்.
உத்திராபதியைக் கூப்பிடவில்லை.
அவன் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.
பிறகு ஏட்டில் எழுதினார்: வீண், ஒன்று.

வைரக்கண்ணுவின் நெல்லை அட்டியேற்றியது உத்திராபதி.
எந்திரம் நின்று வெகுநேரமாகியும்
துண்டை மூக்கிலிருந்து அவிழ்க்கவில்லை.
சுனைக்கா, வேறு எதற்கா,
நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடியலில் தூறல்.
அடுத்த அம்பாரம் தவமணியுடையது.
ஒரு பிடி அள்ளிக் கருவியில் போட்டேன்.
பத்தொன்பது.
அவர் ஒன்றும் பேசாமல்
மடியை அவிழ்த்தார்.